பாதுகாப்பும் பிரதிநிதித்துவமும்: காங்கேசன்துறைத் தொகுதி அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

அளவெட்டி என்ற பெயரைக் கேட்டதும், ஈழத்துக் கலையுலகை அறிந்தோர்க்குக் கும்பிழாவளைப் பிள்ளையார் கோயிலும் அதன் வீதியில் முழங்கிய தவிலும் நாதஸ்வரமும் நினைவுக்கு வருதல் இயல்பு. தெட்சணாமூர்த்தியும் பத்மநாதனும் மஹாகவியும் அவ்வூரோடு இணைத்துப் பேசப்படுவோர். ஆயின் நாம் இங்கு எடுத்துக்கொள்வது அவ்வூரின் அரசியல் வரலாற்றோடு தொடர்புற்ற வேறொரு விடயமாகும். அளவெட்டி காங்கேசன்துறைத் தேர்தல் தொகுதியைச் சேர்ந்தது. மக்கள் தம் பிரதிநிதியைத் தெரிவுசெய்யும் உரிமை, நாட்டின் பாதுகாப்பைக் காரணங்காட்டி, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நிறுத்திவைக்கப்பட்ட தொகுதி அது. அவ்வனுபவத்தைச் சற்று விரிவாக நோக்குவதன் மூலம், பாதுகாப்பு என்னும் கருத்துக்கும் தலைமைத் தெரிவுக்குமிடையேயுள்ள உறவினை விளங்கிக்கொள்ள முயல்வோம்.

தேசியப் பாதுகாப்பு கட்சிகளுக்கு அப்பாற்பட்டது என்பது ஆட்சியிலிருப்போர் எக்காலத்தும் கூறிவரும் ஒரு வாதமாகும். இலங்கையின் வரலாறு அதனை ஆதரிப்பதாயில்லை. சுதந்திரத்துக்குச் சற்று முன்னர், 1947 நவம்பரில் பிரித்தானியாவுடன் செய்துகொள்ளப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கையே கட்சிச் சச்சரவுக்குரிய பொருளாக இருந்தது. திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்கா விமானத்தளமும் அந்நியர் வசம் இருத்தல் நாட்டுக்குக் காப்பு என ஐக்கிய தேசியக் கட்சி கருதிற்று. அதுவே ஆபத்து என இடதுசாரிகள் வாதிட்டனர். 1957 இல் அத்தளங்கள் மீளப்பெறப்பட்டபோது நாடு பாதுகாப்பிழந்துவிடவில்லை. அக்கட்டத்தில் பாதுகாப்பு என்பது வெளியிலிருந்து வரும் ஆபத்தைக் குறித்தது. அதுபற்றிய கருத்துவேறுபாடும் வெளிப்படையாக இருந்தது.

ஆனால் அதே 1947 இல் வேறொரு சட்டமும் பிறந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில், அரசாங்க எழுதுவினைஞர்களும் தொழிலாளரும் பெருவேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்த வேளையில், எழுதுவினைஞர் கந்தசாமி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அரசாங்க சபையில் நிறைவேற்றப்பட்டதும் அச்சூழலிலேதான். இச்சட்டத்தின் பொறிமுறை எளிமையானது. அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டதும், அதன்கீழ் ஆக்கப்படும் விதிகள் பாராளுமன்றம் இயற்றிய ஏனைய சட்டங்களை மேவி நிற்கும். விசாரணையின்றித் தடுத்துவைத்தல், கூட்டங்களைத் தடைசெய்தல், பத்திரிகைத் தணிக்கை ஆகியன யாவும் அவ்விதிகளால் இயலும். மாதந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது ஒன்றே தடை; பெரும்பான்மை பலம் பெற்ற அரசாங்கத்துக்கு அது ஒரு தடையே அன்று. இடதுசாரிகள் இச்சட்டத்தை அன்று கடுமையாக எதிர்த்தனர். இதனை வாசகர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஏனெனில் 1970 மே மாதத்தில் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணியில் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியுடன் லங்கா சமசமாஜக் கட்சியும் கொம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகளாக இருந்தன. என். எம். பெரேரா நிதியமைச்சர், கொல்வின் ஆர். டி சில்வா அரசியலமைப்பு விவகார அமைச்சர். பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சர். மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி தலைதூக்குமுன்னரே, 1971 மார்ச் 16 இல் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. ஏப்ரலில் வெடித்த கிளர்ச்சி சில வாரங்களிலே பெரும்பாலும் அடக்கப்பட்டுவிட்டது. அவசரகாலநிலையோ 1977 பெப்ரவரி வரை நீடித்தது. தெற்கின் சிங்கள இளைஞருக்கெதிராகத் தொடங்கியது வடக்கின் தமிழ் இளைஞர்மீதும் பாய்ந்தது. 1973 முதல் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் விசாரணையின்றிச் சிறையிலிருந்தனர்.

காங்கேசன்துறை இடைத்தேர்தல் இப்பின்னணியிலேயே வைத்து நோக்கப்பட வேண்டியதாகும். 1972 மே 22 இல் நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கவில்லை எனக் காட்டும்பொருட்டு, எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவ்வாண்டு ஒக்டோபரில் தம் ஆசனத்தைத் துறந்தார். அரசாங்கம் தன் கொள்கையை முன்வைத்துத் தம்மோடு போட்டியிட்டு மக்கள் தீர்ப்பைப் பெறட்டும் என்பது அவர் விடுத்த சவால். அது முற்றிலும் பாராளுமன்ற முறைக்குட்பட்ட சவால் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவர் கேட்டது ஒரு வாக்கெடுப்பையே.

அவ்வாக்கெடுப்பு 1975 பெப்ரவரி 6 இலேயே நடைபெற்றது. இடையே கழிந்தவை இரண்டு ஆண்டும் நான்கு மாதமும். பாதுகாப்பு நிலைமை தேர்தலுக்கு உகந்ததன்று என்பதே தாமதத்துக்குக் கூறப்பட்ட நியாயம். இந்நியாயத்தின் பெறுமதியை அளந்தறிய ஓர் ஒப்பீடு போதும். 1973 இல் டட்லி சேனநாயக்கா காலமானதையடுத்து வெற்றிடமான தெடிகம ஆசனத்துக்கு அவ்வாண்டிலேயே இடைத்தேர்தல் நடந்து முடிந்தது. அதே அவசரகாலநிலை, அதே விதிகள், அதே அரசாங்கம். கேகாலை மாவட்டத்து வாக்காளர்க்கு இல்லாத ஆபத்து அளவெட்டியிலும் தெல்லிப்பழையிலும் மல்லாகத்திலும் மாத்திரம் எவ்வாறு தோன்றிற்று என்ற வினாவுக்கு அன்றைய அமைச்சர்கள் நிறைவான விடை கூறியதாயில்லை.

இத்தொகுதியின் வாக்காளர் ஒரே கட்சிக்கு எழுதிவைக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் இங்குச் சுட்டுதல் தகும். 1947 இல் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராகச் செல்வநாயகத்தைத் தெரிவுசெய்த அதே மக்கள், 1952 இல் அவரைத் தோற்கடித்து ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனை அனுப்பினர். நான்கு ஆண்டுகள் கழித்து, தனிச்சிங்களக் கோஷம் எழுந்த வேளையில், தமிழரசுக் கட்சியின் தலைவராக அவரையே மீண்டும் தெரிவுசெய்தனர். பிரச்சினையைப் பார்த்து வாக்களிக்கும் இயல்பு அத்தொகுதிக்கு இருந்தது. அத்தகைய ஒரு தொகுதியின் தீர்ப்பைக் கேட்க அஞ்சியமை அரசியற் பலவீனத்தின் அறிகுறியே அன்றி வேறில்லை.

1975 இல் செல்வநாயகத்தை எதிர்த்து அரசாங்கத்தின் சார்பில் நின்றவர் கொம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த வி. பொன்னம்பலம். ஆசிரியராகவும் மேடைப் பேச்சாளராகவும் மதிக்கப்பட்டவர். தமிழர் பிரச்சினையில் தம் கட்சி காட்டிய அசிரத்தை குறித்து உட்கட்சியிலே வாதாடியவர். அரசாங்கத்தின் செயல்களனைத்துக்கும் அவரே மேடையில் விடைகூற வேண்டியிருந்தது அவரது துர்ப்பாக்கியம் எனலாம். செல்வநாயகம் 25,927 வாக்குகளும், பொன்னம்பலம் 9,457 வாக்குகளும் பெற்றனர். தோல்வி பெரிது என்பதில் ஐயமில்லை. எனினும் அளிக்கப்பட்ட வாக்குகளில் நான்கிலொன்றுக்கும் மேற்பட்டவை, அத்தனைக்கும் பின்னர், ஓர் இடதுசாரிக்கு வழங்கப்பட்டன என்ற உண்மையை நம் ஆய்வாளர் பலரும் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். சாதியொடுக்குமுறைக்கெதிரான போராட்டங்களும், ஐக்கிய முன்னணிக் காலத்து இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட கமக்காரர் பெற்ற நன்மையும் அவ்வாக்குகளுக்குப் பின்னால் நின்றன எனக் கருதுவதற்கு இடமுண்டு. 1982 சனாதிபதித் தேர்தலில், முன்னாள் விவசாய அமைச்சரான ஹெக்டர் கொப்பேகடுவா யாழ்ப்பாண மாவட்டத்தில் அளிக்கப்பட்ட வாக்குகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைப் பெற்றதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

ஆனால் நமது கவனத்துக்குரியது வாக்குகளின் தொகை மட்டுமன்று. தாமதம் வினாவையே மாற்றிவிட்டது. 1972 இல் வாக்காளர் முன் இருந்த வினா, இவ்வரசியலமைப்பு உமக்கு உடன்பாடா என்பது. அதற்கு விடை இல்லை என வந்திருப்பினும், திருத்தம் பற்றிப் பேசுவதற்கு இடமிருந்திருக்கும். 1975 வருமுன் தடுப்புக் காவல்களும், பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும், 1974 சனவரி 10 இல் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் நேர்ந்த உயிரிழப்புகளும் நிகழ்ந்து முடிந்திருந்தன. தேர்தல் நடத்தாமையே ஒரு முறைப்பாடாகிவிட்டது. வெற்றி பெற்ற செல்வநாயகம், அத்தீர்ப்பைத் தனித் தமிழீழத்துக்கான ஆணையாகவே அறிவித்தார். 1972 இல் அவர் அதனைக் கேட்டிருக்கவில்லை. பாதுகாப்பின் பெயரால் ஒத்திவைக்கப்பட்ட கேள்வி, திரும்பி வந்தபோது பாதுகாப்புக்கே பெருஞ்சவாலாக வந்தது.

இடதுசாரி இயக்கத்தோடு அனுதாபங் கொண்டவர்களாகிய நாம் இதில் நம்மவர் பங்கை மறைப்பது நேர்மையாகாது. கந்தசாமியின் குருதியில் பிறந்த சட்டத்தை மாதந்தோறும் கையுயர்த்திப் புதுப்பித்தோருள் சமசமாஜிகளும் கொம்யூனிஸ்டுகளும் இருந்தனர். 1970 இல் ஐந்தாண்டுக்குத் தெரிவான பாராளுமன்றம் தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டமைக்கும் அவர்கள் உடன்பட்டனர். 1977 யூலைத் தேர்தலில் அவ்விரு கட்சிகளுக்கும் ஓர் ஆசனமேனும் கிட்டவில்லை. பொன்னம்பலம் பின்னாளில் கட்சியை நீங்கிச் செந்தமிழர் இயக்கத்தைத் தோற்றுவித்தார்.

1977 இல் ஆட்சிக்கு வந்தோர் இப்பாடத்தை வேறுவிதமாகக் கற்றுக்கொண்டனர். 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. மாதாந்த அனுமதியும் வேண்டாத சட்டம் அது. 1982 ஒக்டோபரில் சனாதிபதித் தேர்தல் முடிந்ததும், எதிர்க்கட்சியினருள் சிலர் நக்சலைட் சதி தீட்டினர் என்ற காரணங்காட்டிப் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக டிசம்பர் 22 இல் சர்வசன வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. விளக்குக்கு வாக்களித்தால் பாராளுமன்றம் மேலும் ஆறு ஆண்டு தொடரும். குடத்துக்கு வாக்களித்தால் தேர்தல் வரும். நாடளாவிய ரீதியில் விளக்கு நூற்றுக்கு ஐம்பத்துநான்கு சொச்சம் வாக்குகளால் வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோருள் பத்தில் ஒன்பது பங்கினர் குடத்தையே தெரிந்தனர். சதி பற்றிய குற்றச்சாட்டு எந்நீதிமன்றிலும் நிறுவப்படவில்லை. அடுத்த ஆண்டு யூலை வன்செயல்களும், அதன்பின் ஆறாம் திருத்தமும் வந்தன. பிரிவினையை நிராகரிக்கும் சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனம் இழந்தனர். காங்கேசன்துறையின் பிரதிநிதியும் எதிர்க்கட்சித் தலைவருமாகிய அ. அமிர்தலிங்கமும் அவர்களுள் ஒருவர். அதே யூலையில் தடைசெய்யப்பட்ட மக்கள் விடுதலை முன்னணி தெற்கில் தலைமறைவாகி, 1987 இல் ஆயுதத்துடன் வெளிவந்தது. வடக்கிலும் தெற்கிலும் வாக்குச்சாவடி மூடப்பட்ட இடத்திலேயே துப்பாக்கி தோன்றிற்று எனின், அது மிகையாகாது.

இதனை அரசாங்கங்களின் குற்றம் என்று மாத்திரம் கூறி அமைதல் இலகு. தமிழரிடையேயும் இதற்கொத்த ஒரு தர்க்கம் வளர்ந்தது. இனத்தின் பாதுகாப்பே முதன்மையானது. மாற்றுக்கருத்துடையோன் துரோகி என்பது அதன் சாரம். இடைத்தேர்தல் முடிந்து ஆறு மாதம் நிறைவெய்துமுன், 1975 யூலை 27 இல், யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலைக் கோயில் வாயிலிற் சுடப்பட்டார். அவர் தேர்தலில் தோற்கடிக்கப்படக் கூடியவராகவே இருந்தார். 1970 இல் தோற்கடிக்கப்பட்டுமிருந்தார். அவரைத் துரோகி எனச் சாடிய மேடைகளிலிருந்து வந்த அமிர்தலிங்கமே 1989 யூலை 13 இல் கொழும்பில் தமிழர் கையால் மாண்டார். 2005 சனாதிபதித் தேர்தலில் விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பு நிலைப்பாட்டால் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்தாமும் வாக்களிக்கவில்லை. வென்றவர்க்கும் தோற்றவர்க்குமிடையே இருந்த வேறுபாடு இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. வாக்காளர் கையிலிருந்த தெரிவை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோர், விளைவை அவரோடு பகிர்ந்துகொள்ளவில்லை.

வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி 1990 முதல் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை மக்கள் தம் வாக்காளர் இடாப்புப் பெயர்களோடு இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் அளவெட்டியாரும் வலிகாமம் முழுவதும் வெளியேறியபோது வெளியேறினர். இங்கு பாதுகாப்பு என்னும் சொல் வேலியும் காவலரணுமாக நிலத்தில் ஊன்றப்பட்டிருந்தது. எனவே 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின், பாதுகாப்பே தலைமைத் தகுதி என்ற கோஷத்தோடு கோத்தாபய ராஜபக்ச நூற்றுக்கு ஐம்பத்திரண்டு வாக்குகளால் வென்றபோது, யாழ்ப்பாண மாவட்டம் நூற்றுக்கு எண்பதுக்கும் மேலாக மறுபக்கம் வாக்களித்தமை வியப்பன்று. இரு பகுதியினரும் பாதுகாப்பையே வேண்டினர். எவரிடமிருந்து என்பதிலேதான் முரண்பட்டனர். 2022 இல் அவசரகாலப் பிரகடனமும், மாணவர் தலைவர்கள்மீது பயங்கரவாதத் தடைச் சட்டமும் கொழும்புக் காலிமுகத்திடலை நோக்கித் திரும்பியபோது தெற்கின் இளைஞருட் சிலரேனும் வடக்கின் பழைய முறைப்பாட்டைப் புரிந்துகொண்டனர்.

1971 மார்ச்சில் எந்த இயக்கத்தின் பொருட்டு அவசரகாலநிலை கொண்டுவரப்பட்டதோ, அவ்வியக்கத்தின் தலைவர் 2024 செப்டெம்பரில் நாட்டின் சனாதிபதியானார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாக வாக்குறுதியளித்த அவரது முன்னணி, நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றைப் பெற்றது. பொன்னம்பலத்துக்கு விழுந்த அந்த 9,457 வாக்குகளை நினைவிற் கொண்டோர்க்கு இது முற்றிலும் எதிர்பாராததன்று. அவ்வாக்குகளை அளித்தோருள் ஒரு பகுதியினர் கேட்டது பலாலிப் பக்கத்துக் காணிகளைத்தான்.