தாத்தா கையெழுத்து வேண்டாமாம்!

ராத்திரி பதினோரு மணிக்கு அமெரிக்காவிலிருந்து போன் வந்தால் என்ன அர்த்தம்? அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்துவிட்டது என்று அர்த்தம். நியூஜெர்சியிலிருந்து தங்கச்சிதான்.

“அண்ணா, அவரு அமெரிக்கன் சிட்டிஸன் ஆயிட்டாருண்ணா!”

“சந்தோஷம்மா. ஸ்வீட் எப்போ?”

“ஸ்வீட் இருக்கட்டும். பையனும் ஆயிட்டான்!”

“அவனுமா உறுதிமொழி எடுத்தான்?”

“அவன் எங்க எடுத்தான்? அந்நேரம் ஸ்கூல்ல இருந்தான்!”

விஷயம் இதுதான். அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். 2001 பிப்ரவரி 27 முதல் அமலில் இருக்கிறது. பிள்ளைக்குப் பதினெட்டு வயசு ஆகக் கூடாது. கையில் கிரீன் கார்டு வேண்டும். குடிமகனாகிவிட்ட அப்பாவிடமோ அம்மாவிடமோ அங்கேயே வளர வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் குடியுரிமை தானாக வந்துவிடும். ஆக, என் ஒன்பது வயசு மருமகன் வாய்ப்பாடு ஒப்பித்துக் கொண்டிருந்தபோதே அமெரிக்கனாகிவிட்டான். தங்கச்சி மட்டும் இன்னும் கிரீன் கார்டோடு இந்தியப் பிரஜை. ஒரே வீட்டில் ரெண்டு தேசம்!

அடுத்து அவனுக்கு பாஸ்போர்ட். டி.எஸ்.11 என்று ஒரு பாரம். பதினாறு வயசுக்குக் கீழே என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அப்பா, அம்மா இரண்டு பேருமே போக வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் நோட்டரி முன்னால் சம்மதக் கையெழுத்து. அப்பாவின் குடியுரிமைச் சான்றிதழ், பையனின் கிரீன் கார்டு, அப்புறம் பிறப்புச் சான்றிதழ். அதுவும் ஒரிஜினல்!

“கிரீன் கார்டுக்கு ஜெராக்ஸ்லயே முடிஞ்சிருச்சுண்ணா. ஒரிஜினல் நம்ம வீட்டுலதான் இருக்கு. அப்பாகிட்ட வாங்கி அனுப்பு.”

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? பையன் பிறந்தது சேலத்தில். சான்றிதழ் இருப்பது அம்மாபேட்டையில் எங்கள் அப்பாவின் டிரங்குப் பெட்டியில். நாற்பது வருஷம் தறி ஓட்டியவர். தறிக் கணக்கு நோட்டு, வீட்டுப் பத்திரம், பேரன் சான்றிதழ் எல்லாம் ஒரே பெட்டிக்குள். சாவி அவர் இடுப்பில்.

காலையில் காபியோடு மெதுவாக ஆரம்பித்தேன்.

“குடுக்க முடியாது” என்றார்.

“ஏங்ப்பா?”

“அந்தப் பேப்பரு இங்க இருக்கிற வரைக்கும் அவன் அம்மாபேட்டைக்காரன்.”

பி.காம். படித்த எனக்கு எதையும் பற்று, வரவு போட்டுப் பார்த்துத்தான் பழக்கம். உட்கார்ந்து போட்டேன்.

வரவில் அமெரிக்க பாஸ்போர்ட். சிறுவர்களுக்கு ஐந்து வருஷம் செல்லும்.

பற்றில் இந்தியக் குடியுரிமை. நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். அப்புறம் ஓ.சி.ஐ. அட்டை எடுத்தால் ஆயுளுக்கும் விசா இல்லாமல் வந்து போகலாம். ஆனால் ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் வாங்க முடியாது.

‘பெரியவனானதும் வேண்டுமென்றால் இந்தியனாக மாறிக்கொள்ளட்டுமே’ என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். 2024 அக்டோபர் 18-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. பெற்றோர் சிங்கப்பூர் குடிமக்களான பிறகு அங்கே பிறந்த ஓர் இளைஞர், பதினெட்டு வயசானதும் இந்தியக் குடியுரிமையைத் திரும்பக் கேட்டார். சென்னை ஐகோர்ட் அவர் பக்கம் நின்றது. சுப்ரீம் கோர்ட் மறுத்துவிட்டது. பெற்றோர் தாங்களாக எழுதிக் கொடுத்து இந்தியக் குடியுரிமையைத் துறந்திருந்தால்தான் பிள்ளைக்கு அந்தச் சலுகை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியதால் அது தானாகப் போயிருந்தால் சலுகை இல்லை. 1955-ம் வருஷத்துச் சட்டத்தில் எட்டாவது பிரிவுக்கும் ஒன்பதாவது பிரிவுக்கும் உள்ள வித்தியாசம் அது! வேறு வழி உண்டு. ஆனால் அதற்கு ஒரு வருஷம் இங்கே வந்து குடியிருந்து விண்ணப்பிக்க வேண்டும்.

ஒன்பது வயசுப் பையனுக்காக எவ்வளவு பெரிய முடிவு! அமெரிக்கா அப்பா, அம்மா சம்மதத்தைக் கேட்கிறது. தாத்தா சம்மதத்தை எந்தப் பாரத்திலும் கேட்கவில்லை.

இன்னொரு பிரதியை மாநகராட்சியில் கேட்டு வாங்கிவிடலாம். ஆனால் அப்பாவுக்குத் தெரியாமல் செய்ய மனசு வரவில்லை. சாயங்காலம் மறுபடியும் போனேன்.

“அப்பா, அவன் இப்ப அந்த ஊரு பிரஜை. பழைய இந்திய பாஸ்போர்ட்டுல வரக்கூடாது. புதுசும் கையில இல்ல. இது போனாத்தான் அது வரும்.”

“அப்ப... ஆடிக்கு வர மாட்டானா?”

“இந்தப் பேப்பரு இல்லாட்டி எந்த ஆடிக்கும் வர முடியாதுப்பா.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பெட்டியைத் திறந்தார். சான்றிதழை ஒரு தடவை வாசித்தார். பிறந்த இடம் சேலம் என்ற வரியில் விரல் நின்றது.

“இதை அவனுங்க மாத்திருவானுங்களா?”

“மாத்த முடியாதுப்பா. அமெரிக்க பாஸ்போர்ட்லயும் பிறந்த நாடு இந்தியான்னுதான் போடுவாங்க.”

“அப்படியா?” என்று நிமிர்ந்தார். முகத்தில் காலையிலிருந்து காணாத வெளிச்சம்.

நான் கூரியருக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

“டேய்... ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா.”

ஒரிஜினல் இப்போது விமானத்தில். ஜெராக்ஸ் டிரங்குப் பெட்டியில், வீட்டுப் பத்திரத்துக்கு மேலே. சாவி வழக்கம்போல இடுப்பில்!