தொடக்கக் கர்ப்பகால மீயொலிச் சோதனை

தொடக்கக் கர்ப்பகால மீயொலிச் சோதனை என்பது கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் எடுக்கப்படும் ஸ்கேன் ஆகும். கரு தங்கியுள்ள இடம், அதன் வயது, எண்ணிக்கை, இதயத் துடிப்பு ஆகியவை இதனால் அறியப்படுகின்றன. கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்டும் அவரது குழுவினரும் 1958-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, மகப்பேறு மருத்துவத்தில் மீயொலியின் பயன்பாட்டுக்கு வழிவகுத்தது.

வாரக் கணக்கு

கர்ப்பத்தின் வயது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. ‘6 வாரம்’ என்றால் கரு உருவாகி ஏறத்தாழ 4 வாரங்களே ஆகியிருக்கும். இக்கணக்கு 28 நாள் சுழற்சியை அடிப்படையாகக் கொண்டது. 40 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவருக்குக் கருமுட்டை ஏறத்தாழ 26-ஆம் நாளில்தான் வெளியாகும். ஆகவே, நாள்காட்டிப்படி 7 வாரம் ஆனவரின் கரு, ஸ்கேனில் 5 வாரத்திற்குரிய வளர்ச்சியை மட்டும் காட்டலாம். இது குறைபாடு அன்று.

தோன்றும் வரிசை

யோனிவழி ஸ்கேனில் ஏறத்தாழ 5-ஆம் வாரத்தில், அறிக்கைகளில் ‘ஜெஸ்டேஷனல் சேக்’ எனக் குறிக்கப்படும் கருவுறை தெரியும். ஐந்தரை வாரத்தில் அதனுள் ‘யோக் சேக்’ எனப்படும் ஊட்டப்பையும், 6-ஆம் வாரத்தில் கருவும் இதயத் துடிப்பும் தென்படும். வயிற்றின் மீது வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இவை சற்றுத் தாமதமாகவே தெரியும். கருவின் உச்சி முதல் பிட்டம் வரையிலான நீளமே ‘சி.ஆர்.எல்.’ ஆகும். பிரசவத் தேதியைக் கணிக்க இக்காலத்தில் மிகவும் நம்பகமான அளவு இதுவே.

துடிப்பு தெரியாதபோது

அமெரிக்காவின் மீயொலிக் கதிரியலாளர் சங்கம் 2012-இல் கூட்டிய வல்லுநர் குழுவின் பரிந்துரைகள் 2013-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தன. அவற்றின்படி, யோனிவழி ஸ்கேனில் பின்வருவனவற்றுள் ஒன்று இருந்தால் கர்ப்பம் நிலைக்கவில்லை என உறுதிசெய்யலாம்:

* கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லாமை.
* கருவுறையின் சராசரி விட்டம் 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் கரு தெரியாமை.
* ஊட்டப்பை இல்லாத கருவுறை தெரிந்து 14 நாள் கழித்தும் துடிப்புள்ள கரு தெரியாமை.
* ஊட்டப்பையுடன் கருவுறை தெரிந்து 11 நாள் கழித்தும் துடிப்புள்ள கரு தெரியாமை.

முன்பு 5 மி.மீ., 16 மி.மீ. போன்ற சிறிய அளவுகளும் எல்லையாகக் கொள்ளப்பட்டன. அளப்பவருக்கு அளப்பவர் ஏற்படும் சிறு வேறுபாட்டால் உயிருள்ள கருவும் கலைக்கப்பட்டுவிடக் கூடும் என்பதாலேயே எல்லைகள் உயர்த்தப்பட்டன. எடுத்துக்காட்டாக, 18 மி.மீ. கருவுறையில் ஊட்டப்பை மட்டும் தெரிந்தால் அது ஐயத்திற்குரியதே, முடிவானதன்று. அந்நிலையில் மருத்துவர் ‘மீண்டும் வாருங்கள்’ என்பது கருவுக்குத் தரும் காலமேயன்றிக் காலங்கடத்துதல் ஆகாது.

காத்திருக்கக் கூடாத நிலை

கர்ப்பப் பரிசோதனையில் கர்ப்பம் உறுதியாகியும் கருப்பைக்குள் எதுவும் தெரியவில்லை எனில், கரு மிக இளையதாக இருக்கலாம், கலைந்திருக்கலாம், கருக்குழாயில் தங்கியிருக்கவும் கூடும். இவற்றைப் பிரித்தறிய இரத்தத்தில் எச்.சி.ஜி. இயக்குநீரின் அளவு 48 மணி நேர இடைவெளியில் இருமுறை பார்க்கப்படும். கடும் வயிற்றுவலி, தோள்பட்டை வலி, மயக்கம், மிகுந்த உதிரப்போக்கு ஆகியவை ஏற்பட்டால் அடுத்த ஸ்கேன் தேதிவரை பொறுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருக்குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து.

தமிழ்நாட்டில்

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊர்களில் கர்ப்பத்தைப் பதிவுசெய்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். அவரிடம் கடைசி மாதவிடாய்த் தேதியையும் சுழற்சி நாட்களையும் சரியாகச் சொல்வதும், முதல் ஸ்கேன் அறிக்கையைப் பாதுகாத்து வைப்பதும் பின்வரும் ஒப்பீடுகளுக்கு உதவும். 1994-ஆம் ஆண்டின் சட்டப்படி ஸ்கேன் மையங்கள் பதிவுபெற்றிருக்க வேண்டும்; கருவின் பாலினத்தைத் தெரிவிப்பது குற்றமாகும்.