கடையநல்லூரார் கட்டிய பள்ளிக்கூடம்



பிழைக்கப் போன ஊரில் ஏழைத் தொழிலாளிகள் கூடி ஒரு சங்கம் தொடங்குவது எங்கும் நடப்பதுதான். தொடங்கியவர்கள் மவ்த்தான பிறகு அந்தச் சங்கம் பேரப்பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேருவது அபூர்வம். அப்படிச் சேர்ந்த ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன். நெசவாளர்களின் கதை என்பதால் ஆரணிக்காரர்களுக்கு எளிதில் விளங்கும்.

கடையநல்லூர் 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இன்று தென்காசி மாவட்டம். அங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் தறி நெய்தவர்கள். கைத்தறி நொடித்துப்போன காலத்தில் பலர் கப்பலேறி சிங்கப்பூர் போனார்கள். துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறிக் கூலி வேலை செய்தார்கள். பக்கத்திலேயே சீனத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்கள். 'கடையநல்லூர் ஸ்ட்ரீட்' என்ற பெயரில் அங்கே இன்றும் ஒரு தெரு இருக்கிறது.

அவர்களுக்கு நூறாண்டுகளுக்கு முன்பே தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். 1826இல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் அவர்கள் விட்டுச்சென்றதுதான். ஆனால் வணிகர்கள் பெரும்பாலும் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகப் போனவர்கள். கடையநல்லூரார் குடும்பத்தோடு போனார்கள். பெண்கள் சும்மா இருக்கவில்லை. மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். இந்தப் பெண்களைப் பற்றி நம் மேடைகளில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

குடும்பம் வந்தால் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைகள் இருந்தால் படிப்பு என்ற கேள்வி வரும். 1941இல் 'சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்' தொடங்கப்பட்டது. லீக் என்றதும் அரசியல் கட்சி என்று நினைக்க வேண்டாம், இது ஊர்க்காரர்களின் நலச் சங்கம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மூன்றரை ஆண்டுகள் பஞ்சமும் அச்சமும். போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், லீக் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் திறந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். பிறகு அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. சிங்கப்பூரில் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி அது ஒன்றுதான்.

அடுத்த தலைமுறைக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. வேலை அங்கேதான் இருந்தது. தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தார்கள். 1982இல் உமறுப் புலவர் பள்ளியும் மூடப்பட்டது. பெரியவர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெயர் அழியவில்லை. மறு ஆண்டே கல்வி அமைச்சின் பொறுப்பில் 'உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம்' வந்தது. மற்றப் பாடங்களைத் தங்கள் பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகள் அங்கே வந்து தமிழ் படிக்கிறார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். தாத்தா கட்டிய பள்ளிக்குப் போகாத பேரன், தாத்தாவின் மொழியை அதே பெயர் தாங்கிய இடத்தில் கற்கிறான்.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துச் சீனர்கள் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. அங்கே 'இன்டர்நேஷனல் ஹோட்டல்' என்ற கட்டடத்தில் பிலிப்பைன்ஸ், சீன முதியவர்கள் குறைந்த வாடகையில் குடியிருந்தார்கள். காலி செய்யச் சொன்னபோது இளைஞர்கள் வந்து அவர்களோடு நின்றார்கள். 1977 ஆகஸ்ட் 4 அன்று போலீஸ் எல்லோரையும் வெளியேற்றியது. தோற்றுவிட்டார்கள் என்றுதான் அன்று தெரிந்தது. விடாமல் போராடியதால் 2005இல் அதே இடத்தில் வசதியற்ற முதியோருக்கான புதிய குடியிருப்பு எழுந்தது. இடையில் 28 ஆண்டுகள்! முதியவர்கள் மட்டும் நடத்திய போராட்டமாக இருந்தால் அவ்வளவு காலம் தாங்கியிருக்குமா?

நம் ஊருக்கு வருவோம். விதவை உதவித்தொகைக்கு மனுக் கொடுக்க வேண்டுமென்றால் ஆதார், வங்கிக் கணக்கு, இ-சேவை மையம், கைப்பேசிக்கு வரும் ஓடிபி என்று எத்தனை படிகள்! பாட்டிக்காக அதையெல்லாம் முடித்துக் கொடுப்பது கல்லூரியில் படிக்கும் பேத்திதான். ஆனால் கூட்டம் என்றால் அந்தப் பிள்ளையை யாரும் அழைப்பதில்லை. நம் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் அனைவரும் ஐம்பதைக் கடந்தவர்கள், என்னையும் சேர்த்து. வாலிபர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுகிறார்கள் என்று சொல்கிறோம். ஊரில் இருப்பவர்களுக்கு என்ன பொறுப்பு கொடுத்திருக்கிறோம்? வந்து நாற்காலி போடு, பிரியாணி பரிமாறு என்பதைத் தவிர?

வரும் பொதுக்குழுவில் குழுவின் இரண்டு இடங்களை முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒதுக்கும் தீர்மானம் வைக்கப்படும், இன்ஷா அல்லாஹ். அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் கூட்டத்துக்கு வந்து சொல்லட்டும். அதுவரை ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு நம் அலுவலகத்தில் மனு எழுத உதவும் பணி நடக்கும். எழுதிக் கொடுக்க முன்வரும் மாணவ மாணவியர் பெற்றோருடன் வந்து பெயர் பதிவு செய்துகொள்ளலாம்.