கோப்பு எங்கே போயிற்று?

பென்னாகரத்தில் ஒகேனக்கல்லுக்கு வழி கேட்டால், “இதே சாலையில் கடைசிவரை போ” என்பார்கள். அதையே அரூரில் நின்று பின்பற்றினால் சேலத்துக்கோ திருவண்ணாமலைக்கோ போய்விடுவோம்!

1972 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய ‘சி’ மொழியிலும் இதே தொல்லைதான். மதிப்பெண்களைக் கூட்ட ஒரு நிரல் எழுதினேன். நிரலும் மதிப்பெண் கோப்பும் ஒரே கோப்புறையில்தான் இருந்தன. ஆயினும், ‘கோப்பு இல்லை’ என்றது கணினி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெறும் பெயரைக் கொடுத்தால், நிரல் இருக்கும் இடத்தில் அல்ல, அதை இயக்கும்போது நாம் நிற்கும் கோப்புறையில்தான் கணினி தேடும். லினக்ஸில் சாய்கோட்டில் தொடங்கும் முழுப்பாதையைக் கொடுத்தால், எங்கே நின்றாலும் கோப்பு கிடைக்கும். நிற்குமிடத்தைச் சொல்ல ‘கெட்சிடபிள்யூடி’ என்றொரு செயற்கூறு உண்டு. அதைக் கேட்டுப் பார்த்தேன். நான் ஒரு கோப்புறை மேலே அல்லவா நின்றிருக்கிறேன்!