நிறைந்தே திரும்பிய தண்ணீர் பாட்டில்

என் ஓரகத்தி தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். மற்ற நாளில் ராத்திரி எட்டு மணிக்கு விட்டுவிடுவார்கள். போன வருஷம் ஆடித் தள்ளுபடி சமயத்தில், காலை ஒன்பது மணிக்குக் கடையில் நின்றவள், பஸ் பிடித்து பாலக்கோடு வந்து சேரப் பத்தரை ஆகிவிடும். வந்ததும் ராத்திரிப் பாத்திரம் காத்திருக்கும். சமையல் எனக்கு, பாத்திரம் அவளுக்கு என்று மாமியார் என்றைக்கோ பிரித்து விட்டது. நானும் ஒரு நாள்கூட அதைத் தொட்டதில்லை. பங்குன்னா பங்குதானே!

நான் கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டில் மட்டும் தினமும் நிறைந்தே திரும்பி வந்தது. ஏன் என்று கேட்டேன். "குடிச்சா பாத்ரூம் போகணும்க்கா. அது நாலாவது மாடியில. கூட்ட நேரத்துல விடமாட்டாங்க" என்றாள்.

இரண்டே வாரத்தில் நீர்க்கடுப்பு, குளிர் ஜுரம். சிறுநீரில் கிருமித் தொற்று என்றார் டாக்டரம்மா. தண்ணீர் குடிக்காமல், வருவதையும் அடக்கி வைத்தால் கிருமி பெருகி சிறுநீரகம் வரை ஏறிவிடுமாம். கூடப் போன எனக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. நின்று நின்று அவள் கால் நரம்பு வேறு புடைத்திருந்தது.

2023-ல் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்த மசோதா, எதிர்ப்பு கிளம்பி மே தினத்தன்று வாபஸ் ஆனது. அது ஊருக்கே தெரியும். கடைப் பெண்கள் நிற்கும் 12 மணி நேரம்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் போராடியதால் 2018-ல் கேரளாவில் உட்காரும் உரிமை வந்தது. 2021-ல் நம் சட்டசபையிலும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அதிக நேர வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்பது பழைய சட்டத்திலேயே உண்டு. என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இதைக் கேட்டு, ஓரகத்தியும் இன்னும் நாலு பேரும் சேர்ந்தே போய் முதலாளியிடம் பேசினார்கள். (தனியாகப் போயிருந்தால் வேலை போயிருக்கும்.) எட்டுப் பேருக்கு இரண்டு ஸ்டூல் வந்தது. மாற்றி மாற்றி உட்காருகிறார்கள். பாத்ரூமுக்குக் கேட்காமலே போகலாம். இரட்டைச் சம்பளப் பேச்சை மட்டும் காதில் வாங்கவில்லை.

வீட்டிலும் மாற்றினோம். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாப்பிட முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை கட்டிக் கொடுக்கிறேன். ராத்திரி வந்ததும் மோர் சாதம் மட்டும். அப்புறம் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுத்துவிட வேண்டும். பாத்திரம் இப்போது கொழுந்தனார் பொறுப்பு.

பாட்டில் காலியாக வருகிறது. மாமியார்தான், மகன் பாத்திரம் விளக்குவதை அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாது என்று பின்கட்டுக் கதவைச் சாத்தி வைக்கிறார்.

- ஒரு வாசகி, பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.