லாரியும் காரும் மோதிக்கொண்டால்...

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒவ்வொரு பாடமும் 'கற்றலின் நோக்கங்கள்' என்ற பட்டியலோடு தொடங்கும். பிள்ளைகள் அதைப் படிப்பதில்லை. அதிலிருந்து பரீட்சையில் கேள்வி வராதே! ஆசிரியர்களுக்கோ பாடக்குறிப்பு எழுதும்போது மட்டும் அது தேவைப்படும்.

'நியூட்டனின் மூன்றாம் விதியைப் புரிந்துகொள்ளுதல்' என்று ஒரு நோக்கம் எழுதுகிறோம். புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விதியைக் கேட்டால் வகுப்பே கோரஸாக ஒப்பிக்கும். லாரியும் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன, எதன் மேல் விசை அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். கார் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். நசுங்கியது அதுதானே! உண்மையில் இரண்டின் மேலும் விசை சமம். நிறை குறைவு என்பதால் காரின் வேகம்தான் சட்டென்று அதிகம் மாறுகிறது.

நம் பிள்ளைகள் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டனிஸும் அவருடைய சகாக்களும் 1992-இல் இத்தகைய கேள்விகளை மட்டுமே வைத்து ஒரு வினாத்தாள் வெளியிட்டார்கள். கணக்குப் போடும் வேலையே அதில் இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் இதே வகைக் கேள்விகளைக் கேட்டபோது, கடினமான கணக்குகளைப் போடத் தெரிந்த மாணவர்களே தடுமாறினார்கள். 1998-இல் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக், இத்தகைய வினாத்தாள்களில் 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பெற்ற மதிப்பெண்களை ஆராய்ந்தார். பாடம் நடத்தக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த வகுப்புகள், முன்பு தெரியாதிருந்ததில் சராசரியாகக் கால் பங்கைக்கூட எட்டவில்லை. தங்களுக்குள் விவாதித்தும் செய்துபார்த்தும் படித்த வகுப்புகள் ஏறக்குறையப் பாதியை எட்டின.

ஆகவே நோக்கத்தை எழுதும்போதே, மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும். 'மின்திறனை அறிதல்' என்பதற்குப் பதிலாக, 'ஒரு குதிரைத்திறன் மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் ஆகும் என்று கணக்கிடுதல்' என்று எழுதலாம். 746 வாட் என்று வைத்தால் ஒன்றரை யூனிட் வரும். மீட்டரோ அதைவிடக் கூடுதலாகக் காட்டும். மீதி மின்சாரம் எங்கே போயிற்று என்று கேட்டால் வெப்பம், உராய்வு, பயனுறுதிறன் எல்லாம் அந்த ஒரு மோட்டாரிலேயே வந்துவிடும்.

செய்முறைத் தேர்விலும் இதே கதைதான். அதற்கு 25 மதிப்பெண். குவிலென்சின் குவியத் தொலைவு எவ்வளவு வர வேண்டும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு, அதற்குத் தோதாக அளவுகளை நிரப்புகிற சாமர்த்தியம் எல்லாப் பள்ளிக்கும் பழக்கமானதுதான். 'சரியான விடை பெறுதல்' என்பது நோக்கமாக இருக்கும்வரை பிள்ளைகளைக் குறை சொல்லியும் பயனில்லை. ஐந்து முறை அளந்து, ஐந்தும் ஏன் ஒன்றுபோல வரவில்லை என்று எழுதுகிற பிள்ளைக்கு அந்த 25-இல் பாதியைக் கொடுத்துப் பார்க்கலாம்.