வித்துப் பயறு கற்றுத் தந்த பாடம்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம். காலபோக நெல் வெட்டி முடிந்திருந்தது. வயலில் ஈரம் காய்வதற்கு முன்னர் பயறு விதைத்துவிட வேண்டும் என்ற அவசரம். ஒரு ஏக்கருக்கென்று எடுத்து வைத்த 12 கிலோ வித்துப் பயறு அறை மூலையில் இருந்தது. பையைத் தூக்கியபோதே பாரம் குறைந்திருப்பது தெரிந்தது. கட்டை அவிழ்த்துக் கையை விட்டேன். கை நிறைய மா. மண்ணிறச் சிறு வண்டுகள் விரல்களில் ஏறின. ஊசியால் குத்தியதுபோல ஒவ்வொரு மணியிலும் வட்டமாய் ஓர் ஓட்டை.

மாமி சுளகில் கொஞ்சம் அள்ளிப் புடைத்துப் பார்த்தார். "பிள்ளை, இதை விதைச்சு என்ன முளைக்கப் போகுது?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நாட்டில் விலைவாசி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. வித்துப் பயறு வாங்க என் காதுத் தோட்டை அடகு வைத்தேன். அந்தத் தோட்டை மீட்க ஒரு வருடத்துக்கு மேலாயிற்று.

எங்கள் வயல் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் இருக்கிறது. யுத்தத்துக்கு முன்னர் மாமியிடம் பெரிய கொம்பறை ஒன்று இருந்ததாம். நிலத்தில் படாமல் உயர்ந்து நின்ற அதற்குள் நெல் வருடக் கணக்கில் பழுதாகாமல் இருந்ததாம். 2009இல் எல்லாவற்றையும் போல அதையும் இழந்தார்கள். 2010இல் மீளக் குடியேறியபோது எங்களிடம் இருந்தவை பழைய உரப்பைகள்தான். பாத்திரம் போனதோடு, தானியத்தைப் பேணும் பழக்கமும் எங்கள் கையைவிட்டுப் போயிற்று என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

இன்னொரு பிழை

பயறு போன பயத்தில், வீட்டிலிருந்த நெல்லையாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். தெரிந்தவர் ஒருவர், பெயர்ச்சீட்டு எதுவும் இல்லாத போத்தலில் இருந்து சில குளிசைகளைத் தந்தார். "சாக்குக்குள்ள போடுங்கோ, ஒரு வண்டும் மிஞ்சாது" என்றார். நாங்கள் படுக்கும் அறையிலேயே நெல் மூடைகள் இருந்தன. அன்று மாலை போட்டேன். நடுச்சாமத்தில் சின்ன மகள் தலை இடிக்கிறது என்று அழுது சத்தி எடுத்தாள். அறைக்குள் உள்ளி அழுகியது போன்ற ஒரு மணம். மாமிதான் கதவையெல்லாம் திறந்து எல்லோரையும் முற்றத்துக்குக் கொண்டுவந்தார். விடிய முன்னர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கடவுள் புண்ணியம், பிள்ளை தேறிவிட்டாள்.

அந்தக் குளிசை அலுமினியம் பொஸ்பைட்டு என்பது பிறகுதான் தெரிந்தது. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பொஸ்பீன் என்ற நச்சு வாயு வெளிவரும். அதற்கு முறிமருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர்கள் ஆட்கள் வசிக்காத களஞ்சியங்களில் பயன்படுத்த வேண்டியது அது. சகோதரிகளே, யார் தந்தாலும் அதை வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

வண்டு எங்கிருந்து வருகிறது?

அடுத்த மாதம் மாதர் சங்கக் கூட்டத்துக்கு விவசாயப் போதனாசிரியை ஒருவர் வந்தார். நான் பழுதான பயற்றில் ஒரு பிடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். "மிஸ், பையை நல்லா இறுக்கிக் கட்டித்தான் வைச்சனான். எப்படி உள்ளே போனது?" என்று கேட்டேன்.

"அக்கா, அது உள்ளே போகேல்லை. நீங்களே வயலில இருந்து வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறீங்கள்" என்றார்.

பயற்று வண்டு, காய் முற்றும்போதே வயலில் முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. வீட்டில் மணியின் மேலேயே முட்டையை ஒட்டுகிறது. வெள்ளைப் புள்ளி போலத் தெரிவது அதுதான். புழு நேரே மணிக்குள் துளைத்துப் போய், உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகித்தான் வெளியே வரும். இதற்கெல்லாம் ஏறக்குறைய ஒரு மாதம் போதும். நாம் காணும் ஓட்டை வண்டு உள்ளே போன வழியல்ல, வெளியே வந்த வழி. ஒரு பெண் வண்டு 100 முட்டை வரை இடக்கூடும். நெல்லில் வரும் அந்துப் பூச்சியும் இப்படியே, கதிரில் இருக்கும்போதே முட்டையிட்டு நம்மோடு வீடு வரும்.

ஆகவே வண்டைக் கண்டபின் மருந்து தேடுவதில் பயனில்லை. உள்ளே இருப்பது வளர முடியாதபடி தானியத்தை வைக்க வேண்டும். அதற்குத் தேவையானவை நல்ல காய்ச்சலும் காற்றுப் புகாத மூடியும்.

நான் இப்போது செய்பவை

காய் கறுத்து முற்றியதும் வயலில் விடாமல் உடனே பிடுங்குகிறோம். முன்பு ஒருநாள் வெயிலோடு பையில் கட்டினேன். இப்போது படங்கில் மெல்லிதாகப் பரப்பி மூன்று, நான்கு நாள் காயவிடுகிறேன். பல்லில் கடித்தால் நசியாமல் 'டிக்' என்று உடைய வேண்டும். காய்ந்த தானியம் நன்றாக ஆறிய பிறகே உள்ளே போகும். சூட்டோடு மூடினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

சந்தேகமிருந்தால் உப்பு வைத்துப் பார்க்கலாம். ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தானியமும் இரண்டு மேசைக்கரண்டி உலர்ந்த உப்புத் தூளும் இட்டு, இறுக மூடி ஒரு நிமிடம் குலுக்கி, 15 நிமிடம் விடுங்கள். போத்தலின் சுவரில் உப்பு ஒட்டினால் ஈரப்பதன் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. ஒட்டாவிட்டாலும் இன்னும் ஒருநாள் வெயில் காட்டுவது நல்லது. நெல்லுக்கு 13, பயறுக்கு 12 சதவீதத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும்.

வித்துப் பயற்றை இப்போது வெற்றுச் சோடாப் போத்தல்களில் வைக்கிறேன். கழுவி உலர்த்திய போத்தலில் வாய் வரை தட்டித் தட்டி நிரப்பி, மூடியை இறுக்கிவிட வேண்டும். உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றைப் புழுக்கள் சுவாசித்து முடித்ததும் அவை இறந்துவிடும். பாதி நிரப்பினால் காற்று மிஞ்சும், வண்டும் மிஞ்சும். கூடுதலாக இருந்தால் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பரல் நல்லது. விதைக்கும்வரை திறக்கக் கூடாது.

போத்தலும் பரலும் இல்லாதவர்களுக்கு அடுப்புச் சாம்பல் இருக்கிறது. ஆறிய சாம்பலை அரித்தெடுத்து, 4 சுண்டு பயறுக்கு 3 சுண்டு சாம்பல் என்று கலந்து, மேலே இரண்டு விரல் உயரத்துக்குச் சாம்பலால் மூடிவிட வேண்டும். கறிக்கு வைக்கும் பயறு, கௌபி என்றால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் விட்டு நன்றாகப் பிசறலாம். எண்ணெய் படிந்த முட்டை பொரிக்காது. நிழலில் உலர்த்திய வேப்பமிலையும் போடுகிறோம். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

சமையலுக்குள்ள தானியத்தில் வண்டு தொடங்கிவிட்டால், கறுப்புப் பொலித்தீனில் மெல்லிதாகப் பரப்பி, மேலே நிறமற்ற பொலித்தீனால் மூடி, ஓரமெல்லாம் கல் வைத்து உச்சி வெயிலில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். உள்ளே ஏறும் வெக்கையில் முட்டையும் புழுவும் செத்துவிடும்.

நெல் மூடைகளை நாங்கள் இப்போது படுக்கும் அறையில் வைப்பதில்லை. மரச்சட்டங்களின் மேல், சுவரில் இருந்து ஓர் அடி தள்ளி அடுக்குகிறோம். பழைய சாக்குகளைக் கொதிநீரில் அவித்துக் காயவிட்டே பாவிக்கிறோம். பழைய நெல்லோடு புதுநெல்லைக் கலப்பதில்லை. ஒவ்வொரு போயா விடுமுறையன்றும் மாமியும் நானும் மூடைகளைப் பார்ப்போம். வண்டு பெருக ஒரு மாதம் போதும் என்பதால் மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கையை உள்ளே விட்டால் சூடாக இருந்தாலோ, மூடையைத் தட்டும்போது அந்து பறந்தாலோ அன்றே எடுத்துக் காயப் போட்டுவிடுவோம்.

2023 மார்ச் மாதம் முதல் போத்தலைத் திறந்தேன். நனைத்த துணியில் 10 மணிகளைச் சுற்றி வைத்தேன். மூன்றாம் நாள் மாமி அவிழ்த்து எண்ணினார். ஒன்பது முளைத்திருந்தன. அந்த முறை வித்துக்கு ஒரு சதமும் செலவழிக்கவில்லை.

வயலில் விளைவிப்பதற்கு எத்தனையோ பேர் கைகொடுப்பார்கள். வீட்டுக்கு வந்த பின்னர் அதைக் காப்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. இந்த அறுவடையோடு ஒரே ஒரு போத்தலையாவது நிரப்பி மூடி வைத்துப் பாருங்கள்.